புகார் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம்

சகோதரி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். களக்காட்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. மகன் எட்டாம் வகுப்பு. பஸ்ஸிலும் இன்டர்வெல் நேரத்திலும் மூன்று நான்கு பையன்கள் சேர்ந்து அவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பையைப் பிடுங்கி எறிகிறார்கள், ஒரு நாள் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டார்கள். நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். கூட்டத்தில் ஒருவர் கேமரா மாட்டலாம் என்கிறார், இன்னொருவர் வாத்தியார் கையில் பழையபடி பிரம்பைக் கொடுங்கள் என்கிறார், மூன்றாவது ஆள் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்கிறார். இதில் எது பலன் தரும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "தலைமையாசிரியரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சொன்னால் பிள்ளைக்கு நல்லது நடக்குமா, இல்லை ஆபத்து கூடுமா?

நான் முப்பத்தோரு வருடம் இந்தச் சீமையில் அரசுப் பள்ளிகளில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். 1992-ல் வேலையில் சேர்ந்தபோது இந்த மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு யார் பெயரை வைப்பது என்பதிலேயே தென் மாவட்டங்களில் பஸ்கள் எரிந்து, ஆட்கள் செத்து, கடைசியில் 1997-ல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்களை எல்லாம் அரசு எடுத்துவிட்டது. அந்த வருடங்களில் மைதானத்தில் நின்றவன் நான். எங்கள் பள்ளிகளில் பி.டி. வாத்தியார் என்றால் பாதிப் போலீஸ்காரர். விசிலும் அவரிடம்தான், பிரம்பும் அவரிடம்தான். அந்தப் பிரம்பைப் பல வருடம் பிடித்த கை என்னுடையது. அதனால் கீழே சொல்வதில் சில, படித்துத் தெரிந்துகொண்டவை. சில, தப்புச் செய்து தெரிந்துகொண்டவை.

முதலில், சந்தேகமே இல்லாத ஒன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிளஸ் டூ படித்த பையன். கூடப் படித்தவர்கள் சாதியைச் சொல்லி நாள்கணக்கில் ஏவல் வாங்கியிருக்கிறார்கள். பையன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று கேட்டபோது விஷயம் வெளியே வந்தது, புகார் ஆனது. அதன் பிறகு 9-ஆம் தேதி இரவு, வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. எல்லோரும் அந்த அரிவாளைப் பற்றித்தான் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் ஆயுள் பூராவும் இருந்தவனுக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. பிள்ளை சொன்னான், சொன்ன பிறகுதான் வெட்டு விழுந்தது. "பிள்ளைகள் வாய் திறந்து சொல்ல வேண்டும், சொன்னால் சரியாகிவிடும்" என்று மேடையில் பேசுகிறோமே, அது பாதிதான். சொன்னதற்கும் மறுநாள் காலை மணி அடிப்பதற்கும் நடுவில் இருக்கிற நேரத்துக்கு ஒரு பொறுப்பாளி வேண்டும். அந்த நேரத்துக்கு ஏற்பாடு இல்லாத பள்ளியில் புகார்ப் பெட்டி, உறுதிமொழி, விழிப்புணர்வு ஊர்வலம் எதுவும் பிள்ளையைக் காப்பாற்றாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒரு பிளஸ் ஒன் பையன். அரசு கொடுத்த சைக்கிளில் ஆறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருவான். திடீரென்று தினமும் கால்மணி நேரம் லேட். லேட்டாக வருகிறவனுக்கு என் சட்டம் மைதானத்தைப் பத்துச் சுற்று. அவன் வாயைத் திறக்காமல் ஓடுவான். மூன்றாவது வாரம் ஒரு நாள் ஓடி முடித்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். என்னமோ தோன்றி, "ஏம்ல தினமும் லேட்டு?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்து காட்டினான். காம்பஸுக்குப் பக்கத்தில் கறுப்பு வால்வு டியூப் துண்டுகள், அளவாக வெட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தான். "சாயங்காலம் உருவிட்டுப் போயிருதானுவ சார். டியூப்ப நானே மாட்டிருவேன், காத்துதான் சார்..." என்றான். ஊர் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஊரில் சைக்கிள் கடைக்காரர் காலை எட்டரைக்குத்தான் கடை திறப்பார். காற்றடித்து மிதித்து வந்தால் மணி அடித்திருக்கும். மூன்று வாரமாக அவனை நான்கு பேர் தண்டித்தார்கள், ஐந்தாவதாக நானும் தண்டித்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் இன்னும் மோசம். வேகம் வந்துவிட்டது. அந்த நான்கு பேரையும் அவனையும் ஒரே இடத்தில் நிறுத்தினேன். அவன் முன்னாலேயே நாலு பேருக்கும் கையில் அடி கொடுத்தேன். "கை குடுங்கல, இனிமே ஒண்ணா இருக்கணும்" என்று கை குலுக்க வைத்தேன். பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவர்கள் சைக்கிளைத் தொடவில்லை. கால்வாய்க் கரையில் நின்றிருக்கிறார்கள். மறுநாள் பையன் முன்பல் பாதி உடைந்து வந்தான். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொன்னான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் அவன் அப்பா வந்து டி.சி. வாங்கி, திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல ஓட்டக்காரன். நான் கொடுத்த தண்டனையில் ஓடிப் பழகிய ஓட்டம்.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நார்வேயில் 1982-ல் மூன்று பையன்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் துன்புறுத்தல்தான் காரணம் என்று நாடே அதிர்ந்தது. டான் ஓல்வேயஸ் என்கிற உளவியல் பேராசிரியர் அடுத்த வருடம் பெர்கன் நகரத்தில் 42 பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். அவர் வகுத்த வித்தியாசம் இன்றைக்கும் உதவுகிறது. சமமான இரண்டு பையன்கள் முட்டிக்கொள்வது சண்டை. ஒருவன் பக்கம் பலம் கூடுதலாக இருந்து, வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப நடந்தால் அது துன்புறுத்தல். பலம் என்பது உடம்பு மட்டும் இல்லை. நாலு பேர் கூட்டமாக இருக்கலாம், தெருவின் பெயராக இருக்கலாம், அண்ணன் கையில் இருக்கிற வண்டியாக இருக்கலாம். சண்டைக்கு சமாதானம் பேசலாம். துன்புறுத்தலுக்கு சமாதானம் பேசினால், பலம் உள்ளவன் கையில் பலம் இல்லாதவனைப் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். என் கை குலுக்கல் அதைத்தான் செய்தது. நம்ம ஊரில் பஞ்சாயத்துப் பேசி முடிப்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். பள்ளியிலும் பெரியவர்கள் உட்கார்ந்து "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். உங்கள் கூட்டத்தில் அந்த வாக்கியம் வந்தால் தயவுசெய்து மறித்துப் பேசுங்கள்.

சரி, ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்ன அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்? கடைசிப் பத்து வருடம் நான் பின்பற்றியதைச் சொல்கிறேன். அவனையும் மற்றவர்களையும் ஒரே அறையில் நிறுத்துவதில்லை. சொன்னவனிடம் தனியாக, அதுவும் எல்லோரும் பார்க்கும்படி ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடாமல், நோட்டு கட்டு தூக்கி வரச் சொல்கிற சாக்கில் பேசுவேன். கேட்கிற முதல் கேள்வி "யார் அடிச்சா" என்பது இல்லை. "இன்னிக்கு சாயங்காலம் எப்படி வீட்டுக்குப் போவே? எந்த பஸ்? யார் யார் அதுல வருவா?" என்பதுதான். அப்புறம்தான் என்ன நடந்தது, எத்தனை நாளாக. மற்றவர்களை ஒவ்வொருவராக, வேறு வேறு நேரத்தில் கூப்பிட்டு, "நான் பார்த்தேன், நான் கேள்விப்பட்டேன்" என்று என் பொறுப்பில் பேசுவேன். புகார் சொன்னவன் பெயர் வராது. பெயர் வராவிட்டாலும் யார் என்று ஊகிப்பார்கள் என்பது உண்மைதான். அதனால்தான் அன்றைக்கே அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் பள்ளிக்கு வரவழைத்து, தலைமையாசிரியர் முன்னிலையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விஷயமாக உங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பையன் தெருப்பக்கம் போகக் கூடாது, விசாரிக்கவும் கூடாது, மன்னிப்புக் கேட்கவும் கூடாது, எதுவானாலும் பள்ளி மூலமாக மட்டும். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று கிளம்பிய சித்தப்பாக்கள்தான் பல சண்டைகளை ஊர்ச் சண்டையாக்கியிருக்கிறார்கள். அதை எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பேன்.

அன்று சாயங்காலம் ஒரு ஆசிரியர் பஸ் ஏறும் வரை கூட நிற்க வேண்டும், முடிந்தால் இரண்டு நிறுத்தம் கூடப் போக வேண்டும். இரவு ஏழு எட்டு மணிக்கு வீட்டுக்கு ஒரு போன். மறுநாள் காலை வாசலில் அவன் வருகிற நேரத்துக்கு யாராவது இருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து, எல்லோரும் மறந்த பிறகு, திரும்ப ஒரு தடவை கேட்க வேண்டும். இதில் எதற்கும் பணம் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். ஆனால் யார் இதைச் செய்வது என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் சாயங்காலம் நாலு இருபதுக்கு எல்லோரும் அவரவர் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுவோம். நானும் அப்படி ஓடியவன்தான். உங்கள் குழு செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இந்தப் பெயரை எழுத வைப்பது.

இன்னொன்று, கூட இருக்கும் பிள்ளைகள். கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடல்களில் வீடியோ எடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2001-ல் வெளிவந்தது. சீண்டல் நடக்கும்போது கூட நிற்கிற ஒரு பிள்ளை குறுக்கே வந்தால், 57 சதவீதம் தடவை பத்து வினாடிக்குள் அது நின்றுவிட்டது. பின்லாந்தில் கீவா என்ற திட்டம் முழுக்க இந்த வேடிக்கை பார்க்கிறவர்களை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே ஆசிரியர், வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று நல்ல பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் கூட இருங்க" என்று மட்டும் சொல்வார். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். கூட உட்காரு, கூடச் சாப்பிடு, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஏறு. துப்பறியச் சொல்லக் கூடாது, சண்டைக்குப் போகச் சொல்லவே கூடாது. தனியாக நிற்கிறவனைத்தான் கூட்டம் தேடும். பக்கத்தில் ஒருத்தன் இருந்தாலே பாதி அடங்கிவிடும். ஆனால் பிள்ளைகளை நடுவராக உட்கார வைத்து விசாரிக்கச் சொல்வது வேறு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2011 ஆய்வு ஒன்றில், பிள்ளைகளை வைத்தே சமரசம் செய்கிற முறை இருந்த திட்டங்களில் பாதிப்பு கூடியதாகத்தான் தெரிந்தது. அதே தொகுப்பில், பள்ளி முழுவதும் சேர்ந்து செய்கிற திட்டங்கள் துன்புறுத்தலை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தன என்று இருக்கிறது. ஐந்தில் ஒன்றுதான். மந்திரம் மாதிரி எதுவும் கிடையாது. இடைவேளையில் பெரியவர் கண்காணிப்பும் பெற்றோர் கூட்டமும் இருந்த இடங்களில் பலன் கூடுதல்.

இந்த ஆய்வுகளைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இவை பெரும்பாலும் மேலை நாட்டு வகுப்பறைகள். அங்கே ஒரு பையனைச் சீண்டுகிறவன் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நம்ம ஊரில் அவன் வீட்டுக்குப் போனால் தெரு இருக்கிறது, கோயில் கொடைத் திருவிழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனரில் அவன் போட்டோ இருக்கிறது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சாதிப் பாட்டு இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பையனை நாற்பது வயது அண்ணாச்சி தோளில் கை போட்டு "நம்ம புள்ள" என்று சொல்கிறார் பாருங்கள், அந்தக் கையின் கனத்தை எந்த நாட்டுத் திட்டமும் கணக்கில் எடுத்திருக்காது. ஆகவே முறைகளை எடுத்துக்கொள்ளலாம், அந்தச் சதவீதம் அப்படியே இங்கே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இப்போது உங்கள் கூட்டத்தில் வந்த மூன்று யோசனைகள். பிரம்பு வேண்டவே வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பது ஒரு பக்கம். சட்டமே இல்லாவிட்டாலும், பலம் உள்ளவன் அடிக்கலாம் என்பதைப் பாடமாக நடத்துகிற ஆள் நானாகத்தான் இருந்தேன். இதை முழு நிச்சயத்தோடு சொல்கிறேன். டி.சி. கொடுப்பது பற்றி: எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற அந்தச் சட்டமே அனுமதிக்காது. அதற்கு மேற்பட்ட வகுப்பானாலும், பள்ளியில் இருக்கும் வரை ஒரு பையன் மேல் ஏழெட்டுப் பேர் கண்ணாவது இருக்கும். வெளியே அனுப்பினால் கோபத்தோடு டீக்கடை பெஞ்சில் உட்காருவான். அதே பஸ் ஸ்டாப் எதிரில்தான் அந்த டீக்கடையும் இருக்கும். கேமரா கெட்டது இல்லை. வராந்தாவிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் வைத்தால் பிற்பாடு யார் செய்தது என்று தெரியும். ஆனால் அதற்குக் காது கிடையாது, கழிவறையில் வைக்க முடியாது, பஸ்ஸில் வராது. பெரும்பாலும் நடப்பது வாய்ப் பேச்சிலும், கழிவறையிலும், பஸ்ஸிலும்தான். கேமரா மாட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் இன்டர்வெல்லுக்கு வாத்தியார்கள் அறையை விட்டு வெளியே வராமல் போனால், நஷ்டம் வேறு.

கைக்கயிறு பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள், இன்ன சாதி என்று நிறத்தால் காட்டுவதற்காகப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டுகிற கயிறு. இந்தக் கயிற்றில் ஒரு உயிரே போயிருக்கிறது. 2022 ஏப்ரலில் பாப்பாக்குடிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கயிற்றை வைத்து வந்த தகராறில் பிளஸ் டூ மாணவன் ஒருவன் இறந்தான். 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது, எதிர்ப்பு வந்ததும் அது கிடப்பில் போனது. நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு இவற்றைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. நான் தடைக்கு ஆதரவு. ஆனால் பள்ளி வாசலில் கத்தரிக்கோலோடு நிற்பதற்கு ஆதரவு இல்லை. ஒரு வருடம் அப்படி நின்று வெட்டிப் பார்த்தோம். கயிறு போய் பனியன் கலராக வந்தது, அப்புறம் சைக்கிள் மட்கார்டு ஸ்டிக்கராக வந்தது. கயிறு எங்கே கட்டப்படுகிறதோ அந்த இடத்தில், அதாவது கோயில் கொடைக் கமிட்டியில், ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பேசிய வருடம்தான் கொஞ்சம் குறைந்தது. எல்லா ஊரிலும் கேட்பார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். கேட்ட ஊர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அறிக்கையில் எனக்குக் கயிற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற பள்ளிக்கு ஒரு நல அலுவலர் வேண்டும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கிற சாதியைச் சேர்ந்தவர்களையே அங்கே தலைமைப் பொறுப்புகளில் நியமிக்கக் கூடாது என்பதெல்லாம். கடைசியில் சொன்னதற்கு ஆசிரியர்கள் மத்தியில் நிறைய வருத்தம். எனக்கும் ஆசிரியர் சாதியைக் கணக்கில் எடுப்பது வருத்தம்தான். ஆனால் ஸ்டாஃப் ரூமில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த வாத்தியார் யார் ஆள் என்று பிள்ளைகளுக்கு அத்துப்படியாகத் தெரியும். ஒரே தப்புக்கு ஒருவனைத் திட்டி இன்னொருவனைத் தட்டிக்கொடுத்தால், அதைப் பார்த்த நாற்பது பேரும் கணக்கு எழுதி வைத்துக்கொள்வார்கள். புகார் சொல்லலாமா என்று ஒரு பிள்ளை யோசிக்கும்போது அந்தக் கணக்கைத்தான் எடுத்துப் பார்க்கிறான்.

விளையாட்டைப் பற்றி நான் சொல்லாமல் இருக்க முடியாது. கபடியில் கார்னரும் பக்கத்து ஆளும் கை கோத்து நிற்க வேண்டும். ஒரு வருடம் என் டீமில் ஒரு பையன் பக்கத்தில் நிற்கிறவன் கையைப் பிடிக்காமல் மணிக்கட்டுக்கு மேலே சட்டைக் கையை மட்டும் இரண்டு விரலால் பிடித்தான். ரெய்டர் வந்தான், சட்டை நழுவியது, பாயிண்ட் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்திலும் அதே இருவரையும் அதே இடத்தில் நிறுத்தினேன். நாலாவது பாயிண்ட் போனபோது மற்ற ஐந்து பேரும் அவனைப் பார்த்துக் கத்தினார்கள், "கையப் பிடில!" பிடித்தான். சீசன் முடியும்போது இரண்டு பேரும் ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்தார்கள். இந்தக் கதையை வைத்துக்கொண்டு, விளையாட விட்டால் சாதி போய்விடும் என்று ரொம்ப வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பாதிதான் உண்மை. மாட் லோ என்கிற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்கள் 1,261 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரைக் கிரிக்கெட் அணிகளில் ஆட விட்டுப் பார்த்தார். ஒரே அணியில் ஆடியவர்களுக்குள் வேறு சாதி நட்பு கூடியது. எதிரணியாக மோதியவர்களிடம் பொதுவாக அது எதிர்த் திசையில் போனது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போன பிளஸ் ஒன் பையனை இறக்கி வெட்டினார்களே, அதற்கு முன்னால் ஒரு கபடி ஆட்டம் இருந்தது. ஆகவே ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு டீம் கட்டி மோத விடும் போட்டிகளைப் பள்ளி பெயரில் நடத்த வேண்டாம். கலந்து பிரித்த அணிகள் மட்டும்.

எல்லாவற்றையும் சாதி என்று பார்த்தாலும் தவறிவிடுவோம். அதே 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து கூடப் படித்தவனை வெட்டினான், தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். பென்சிலில் தொடங்கிய தகராறு என்றார்கள். பென்சில் தகராறு அன்றைக்கே தெரிந்திருந்தால் பென்சிலோடு போயிருக்கும் என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. வீட்டில் கவனிக்க வேண்டியதும் இப்படிச் சின்ன விஷயங்களைத்தான். பிள்ளை பள்ளியில் ஒண்ணுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்ரூமுக்கு ஓடுகிறானா, பக்கத்தில் பஸ் இருக்கும்போது சுற்று வழியில் வருகிறானா, பேனா அடிக்கடி தொலைகிறதா, திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கிறதா. "யாராவது அடிச்சாங்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "இன்னிக்கு பஸ்ல யார் பக்கத்துல உட்கார்ந்தே" என்று கேளுங்கள்.

எப்போது பள்ளியைத் தாண்டிப் போவது? சாதிப் பெயர் சொல்லித் திட்டியது, ஆயுதம், வீட்டுக்கு வந்து மிரட்டல், உடம்பில் தகாத இடத்தில் தொடுதல், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று யார் சொன்னாலும் தாமதிக்காதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை வழக்கு என்றால் டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர் விசாரிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கிற உரிமையும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எதிர்ப்பக்கம் இருப்பவர்களும் பதினெட்டுக்குக் கீழே என்றால் அவர்கள் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போவார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான், அவர்களைத் திருத்துவதும் பள்ளியின் வேலைதான். ஆனால் அந்த வேலைக்கு விலையாக உங்கள் மகனைக் கொடுக்க வேண்டியதில்லை. பள்ளியில் "மாணவர் மனசு" என்று ஒரு புகார்ப் பெட்டி இருக்க வேண்டும். அது தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கினால் யார் போடுகிறார்கள் என்று பள்ளிக்கூடமே பார்க்கும். நூலகத்துக்குள்ளே, பிள்ளைகள் இயல்பாகத் தனியாகப் போகிற இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

நான் உடற்கல்வி படித்தவன், மனநல மருத்துவன் இல்லை. பையன் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிட்டது என்றால் என் அனுபவம் எதற்கும் உதவாது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசுப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூச்சப்படாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், ஆனால் நாளைக்கே இல்லை. இந்த வாரம் இரண்டு நாள் பள்ளி விடுகிற நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் போய் நில்லுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எந்த பஸ்ஸில் யார் முன்வாசல், யார் பின்வாசல், எந்த வாத்தியார் அந்தப் பக்கம் வருகிறார் என்று பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் மகனிடம், "இன்ன நாள், இன்ன சார்கிட்ட சொல்லப் போறேன், உன் பேரை வெளிய சொல்ல மாட்டாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அவன் வேண்டாம் என்றால் கோபப்படாமல் ஏன் என்று கேளுங்கள். பஸ் நேரமோ, ஒரு ஆளின் பெயரோ, ஒரு வாத்தியாரின் பெயரோ அந்தப் பதிலில் வரும். அந்தத் தாளையும் அவன் சொன்ன காரணத்தையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். தண்டனை பற்றிப் பேசுவதற்கு முன்னால், "சார், இன்னிக்கு சாயங்காலம் இவன் கூட யார் வருவா?" என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்த பிறகு மற்றதைச் சொல்லுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்குச் சொல்லாதீர்கள், மகனை நீங்களே அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், 1098-க்குப் பேசுங்கள், இங்கேயும் எனக்கு எழுதுங்கள்.